ரோலை நீக்கிய பிறகும் பொத்தான் வேலை செய்கிறது: எங்கே கோட்டை விட்டேன்?

கோட்டையூரான், திங்கள் இரவு 9.10

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். பிரிவு என்றால் நானும் ஓர் உதவியாளரும்தான். இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மாவைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். உத்தரவு வெள்ளிக்கிழமை வந்தது. இன்று காலை 10.05-க்குக் கீக்ளோக்கில் (யார் உள்ளே வரலாம், யாருக்கு என்ன உரிமை என்பதை எங்கள் மென்பொருள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பார்த்துக்கொள்வது) அவருடைய பக்கத்தைத் திறந்து, 'கட்டணம் திருப்பி வழங்கல்' என்ற ரோலை, அதாவது அந்த வேலைக்கான உரிமையை, நீக்கினேன். நீக்கியாயிற்று என்று பச்சை நிறத்தில் செய்தியும் வந்தது. டீ குடிக்கப் போய்விட்டேன்.

10.40-க்குக் கட்டண மென்பொருளில் அதே அம்மாவின் பெயரில் 18,500 ரூபாய் திருப்பி வழங்க ஒப்புதல் பதிவாகியிருக்கிறது.

அவர் மேல் ஒரு தவறும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடுதிக் கட்டணத்தை இரண்டு முறை கட்டிவிட்ட ஒரு பையனின் அப்பா, திருப்பத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து கவுன்ட்டரில் நின்றிருக்கிறார். இந்த அம்மா மேசையைக் காலி செய்துகொண்டிருந்திருக்கிறார். திரை திறந்தே இருந்ததால், "இதையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறேன்" என்று பொத்தானை அழுத்திவிட்டார். போனதும் நியாயமான பணம்தான். ஆனால் மதியம் செயலாளர் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "நீக்கினாயா, இல்லையா?" நீக்கிய பதிவைக் காட்டினேன். அவர் பதிலுக்கு ரசீதைக் காட்டினார். இரண்டு தாளும் மேசை மேல் அருகருகே கிடந்தன. என்னிடம் பதில் இல்லை.

மாலையில் இன்னொரு கூத்து. அந்த அம்மாவை ஒருமுறை வெளியேறி, மறுபடி லாகின் செய்யச் சொன்னேன். பொத்தான் அப்போதும் இருக்கிறது! நீக்கிய ரோல் எந்த வழியாகத் திரும்பி வருகிறது?


தேவகோட்டை ரஸ்தா, திங்கள் இரவு 9.48

காலையில் நடந்தது ஒரு கோளாறு, மாலையில் நடந்தது வேறொரு கோளாறு. இரண்டையும் ஒரே உருண்டையாகப் பிடிக்காதீர்கள்.

மாலைக் கதை சுலபம், அதை முதலில் பார்ப்போம். அந்த அம்மாவின் ரோல் பட்டியலுக்கு மேலே, வழிவந்த ரோல்களை மறைக்கும்படி ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ரோல் மூன்று வழியில் வரும். அவர் பெயருக்கே நேரடியாகக் கொடுத்தது ஒன்று. அவர் இருக்கும் குழுவுக்குக் கொடுத்தது இன்னொன்று. பெரிய ரோல் ஒன்றின் வயிற்றுக்குள் பொதிந்து வருவது மூன்றாவது. நீங்கள் அடைத்தது முதல் வழியை மட்டும். குழு வழியாக வந்ததை ஆளின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நீக்க முடியாது, குழுவுக்குப் போய்த்தான் கை வைக்க வேண்டும்.

காலைக் கதைக்கு எனக்கு இரண்டு விவரம் வேண்டும். அணுகல் டோக்கனின், அதாவது லாகின் செய்ததும் கீக்ளோக் தரும் அனுமதிச் சீட்டின், ஆயுள் எவ்வளவு? கட்டண மென்பொருள் ஒவ்வொரு முறையும் கீக்ளோக்கைக் கேட்கிறதா, அல்லது டோக்கனில் கீக்ளோக் போட்ட கையொப்பத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடுகிறதா?


கோட்டையூரான், திங்கள் இரவு 10.31

அண்ணே, டிக்கை எடுத்ததும் பட்டியல் இரண்டு மடங்கு நீண்டுவிட்டது. தேடிப் பார்த்ததில் இரண்டு வழி கிடைத்தது. ஒன்று, 'கணக்குப் பிரிவு' குழு. இன்னொன்று, 'பிரிவுக் கண்காணிப்பாளர்' என்ற கூட்டு ரோல். 2022-இல் கண்காணிப்பாளர் மகப்பேறு விடுப்பில் போனபோது அவர் வேலையைப் பார்ப்பதற்காக இந்த அம்மாவுக்குக் கொடுத்தது. கொடுத்தவன் நானேதான். 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்திருக்கிறேன். கண்காணிப்பாளரின் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

டோக்கன் ஆயுள் 480 நிமிடம் என்று இருக்கிறது. இதை நான் வைக்கவில்லை. மென்பொருள் செய்து கொடுத்தவர்கள் வைத்துவிட்டுப் போனது. கையொப்பமா, கேள்வியா என்பதை நாளை அவர்களிடம் கேட்கிறேன்.


தேவகோட்டை ரஸ்தா, திங்கள் இரவு 10.44

480 நிமிடமா! கீக்ளோக்கை நிறுவியதும் அந்த இடத்தில் இருப்பது 5 நிமிடம். யாரோ வேண்டுமென்றே எட்டு மணி நேரமாக நீட்டியிருக்கிறார்கள். காலை ஒன்பதரைக்கு லாகின் செய்தால் மாலை ஐந்தரை வரை கவலை இல்லை என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

காரணத்தையும் ஊகிக்கிறேன், தவறானால் திருத்துங்கள். முறைப்படி, அணுகல் டோக்கன் குறுகிய ஆயுள் உள்ளது. அது தீர்ந்ததும் புதுப்பிப்பு டோக்கனைக் காட்டி மென்பொருள் தானாகவே புதியதை வாங்கிக்கொள்ளும், உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே தெரியாது. இப்படி வாங்கும் ஒவ்வொரு முறையும் கீக்ளோக் ரோல்களை மறுபடி கணக்கிட்டுத்தான் கொடுக்கும். அந்தப் புதுப்பிக்கும் வேலையை உங்கள் மென்பொருளில் எழுதாமல் விட்டிருப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெளியே தள்ளுகிறது என்று ஊழியர்கள் சத்தம் போட்டிருப்பார்கள். நிரலைத் திருத்துவதற்குப் பதில் எண்ணைத் திருத்திவிட்டார்கள்.

டோக்கனுக்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள். பெயர், வழங்கிய நேரம், தீரும் நேரம், அந்த நிமிடத்தில் அவருக்கு இருந்த ரோல்களின் பட்டியல், அடியில் கையொப்பம். காலை ஒன்பதரைக்கு எழுதிய பட்டியலை 10.05-க்கு நீங்கள் எங்கேயோ செய்த மாற்றம் அழிக்காது. அது அவர் கையில் இருக்கும் தாள்.


நெற்குப்பை மாணவன், திங்கள் இரவு 11.15

அண்ணா, எதற்கு இவ்வளவு சுற்று? அந்த அம்மாவின் கணக்கையே அழித்துவிட்டுத் தேர்வுப் பிரிவுக்குப் புதிதாக ஒன்று தொடங்கிக் கொடுத்தால் முடிந்ததே?


பள்ளத்தூர் ஐயா, செவ்வாய் காலை 5.50

தம்பி, முப்பத்து மூன்று வருடம் வங்கியில் தணிக்கை பார்த்தவன் சொல்கிறேன், கணக்கை அழிக்கவே அழிக்காதீர்கள். ஐந்து வருடமாக அவர் ஒப்புதல் கொடுத்த ரசீதுகள் எல்லாம் அந்த அடையாள எண்ணைத்தான் சுட்டிக்கொண்டிருக்கும். அதை அழித்தால் அத்தனை ரசீதும் அநாதையாகிவிடும். பணியை விட்டுப் போனவராக இருந்தாலும் முடக்கி வையுங்கள், அழிக்க வேண்டாம். இவர் விட்டுப் போகவும் இல்லை, பக்கத்து அறைக்குப் போயிருக்கிறார். பதிவுகளை வைத்திருப்பதும் விருப்பம் சார்ந்த விஷயமில்லை. 2022 ஏப்ரலில் இந்தியக் கணினி அவசரநிலைக் குழு வெளியிட்ட ஆணைப்படி, கணினிப் பதிவுகள் 180 நாள் கையில் இருக்க வேண்டும்.

கோட்டையூர்த் தம்பிக்கு ஒன்று. நேற்று இரவிலிருந்து நீங்கள் எல்லாரும் முப்பத்தைந்து நிமிடத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். உத்தரவு வெள்ளிக்கிழமை, நீக்கியது திங்கட்கிழமை. அந்த மூன்று நாளை யாரும் ஏன் கேட்கவில்லை? நான் தணிக்கைக்கு வந்திருந்தால் முதல் வரியில் அதைத்தான் எழுதியிருப்பேன்.

ரஸ்தா தம்பி 'கையில் இருக்கும் தாள்' என்று எழுதியதைப் படித்ததும் எங்கள் ஐயா நினைவு வந்துவிட்டது. பர்மாவுக்குக் கொண்டு விற்க, அதாவது கடல் தாண்டித் தொழில் செய்யப் போன கடை ஒன்றில் அடுத்தாளாகச் (உதவியாளராக) சேர்ந்து, பிறகு மேலாளாக (முதலாளியின் முகவராக) இருந்தவர். முதலாளி இங்கே பள்ளத்தூரில் ஊஞ்சலில் இருப்பார். கடை ரங்கூனில். மேலாள் கையில் பவர் பத்திரம். கடன் கொடுப்பது, வசூலிப்பது, வழக்குப் போடுவது எல்லாம் அந்தத் தாளின் பலத்தில். மூன்று வருடத்துக்கு ஒரு கணக்கு. அது முடிந்ததும் புது மேலாள் கப்பலேறுவார். முதலாளி இங்கே பேரேட்டில் பெயரை மாற்றி எழுதியதுமே அங்கே அதிகாரம் மாறிவிடுமா? புதியவர் வந்து இறங்கிய பிறகு பழையவர் சில வாரம் அவருடனேயே இருந்து, வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் கூட்டிப் போய், "இனி இவர்தான்" என்று சொல்லிவிட்டு வருவார் என்று ஐயா சொல்வார். அப்படிச் சொல்லாமல் விட்ட ஒருவர் பழைய மேலாளிடம் பணத்தைக் கட்டிவிட்டால், கட்டியது கட்டியதுதான்.

இது பழங்கதை மட்டுமில்லை, சட்டம். 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 208. முகவரின் அதிகாரத்தை ரத்து செய்தால், அது முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த பிறகுதான் செல்லும். மூன்றாம் ஆளைப் பொறுத்தவரை அந்த மூன்றாம் ஆளுக்குத் தெரிந்த பிறகுதான் செல்லும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. மதராசில் இருப்பவர், பம்பாய்க் கிடங்கில் உள்ள தன் பஞ்சை விற்கச் சொல்லி ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு விற்க வேண்டாம், பஞ்சை இங்கே அனுப்பு என்று இரண்டாவது கடிதம் எழுதுகிறார். அது கைக்கு வந்த பிறகும் முகவர் பஞ்சை விற்றுவிட்டுப் பணத்தோடு ஓடிவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. அவர் கொடுத்த பணம் செல்லும் என்கிறது சட்டம்.

உங்கள் கட்டண மென்பொருள்தான் அந்தப் பஞ்சு வாங்கியவர். இரண்டாவது கடிதத்தை நீங்கள் அதற்குக் காட்டவே இல்லை.


தேவகோட்டை ரஸ்தா, செவ்வாய் காலை 8.02

ஐயா, பத்து வருடமாக இதைப் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் படாத பாடு படுகிறேன். பஞ்சு மூட்டையை வைத்து முடித்துவிட்டீர்கள்.

இரண்டாவது கடிதத்தைக் காட்ட வழிகள் இருக்கின்றன. டோக்கனை ரத்து செய்வதற்கென்றே 2013-இல் ஒரு தரநிலை வந்தது, ஆர்.எஃப்.சி. 7009. ஆனால் அது வழங்கிய இடத்தில் ரத்து செய்வதைப் பற்றியது. வாசலில் நிற்பவர், அதாவது உங்கள் கட்டண மென்பொருள், கேட்காவிட்டால் அவருக்குத் தெரியாது. "இந்த டோக்கன் இன்னும் உயிரோடு இருக்கிறதா?" என்று வாசலில் நிற்பவர் திரும்பக் கேட்பதற்கு 2015-இல் இன்னொரு தரநிலை வந்தது, ஆர்.எஃப்.சி. 7662. ஒன்று எழுதி அனுப்புவது, மற்றொன்று கேட்டுத் தெரிந்துகொள்வது.

கவனம்: டோக்கனை ரத்து செய்வதும் ரோலை நீக்குவதும் வேறு வேறு காரியம். ரோலை மட்டும் நீக்கிவிட்டு, 'டோக்கன் உயிரோடு இருக்கிறதா' என்று கேட்டால் 'இருக்கிறது' என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அந்த அம்மாவின் லாகின் செல்லுபடியாகிக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் ரோலை நீக்கியதும் அவருடைய செஷன்களையும், அதாவது திறந்திருக்கும் லாகின்களையும், வெளியேற்ற வேண்டும். ஆளின் பக்கத்தில் செஷன்கள் என்ற தாவலில், எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்திய பிறகு கேட்டால் 'இல்லை' என்று பதில் வரும். கேட்காமல் கையொப்பத்தை மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு இந்தப் பொத்தானும் காதில் விழாது.


கானாடுகாத்தான் சாவி, செவ்வாய் காலை 9.30

நான் கணினிக்காரன் அல்ல. விடுதியாக மாற்றிய ஒரு பழைய வளவு வீட்டில் மேலாளராக இருக்கிறேன். ஆனால் நீங்கள் பேசுவது எங்கள் வீட்டுக் கதை போலவே இருக்கிறது.

எங்களிடம் இரண்டு வகைப் பூட்டு. வீட்டின் பழைய பகுதியில் தேக்குக் கதவுகள். அவற்றில் துளை போட எங்களுக்கே மனம் வரவில்லை, அதனால் பழைய இரும்புச் சாவிதான். முழ நீளம், சட்டைப்பையில் நிற்காது. விருந்தினர் மறந்து எடுத்துப் போவது மிகவும் குறைவு. பின்னால் கட்டிய புதிய அறைகளில் அட்டைப் பூட்டு. அந்தப் பூட்டு பேட்டரியில் ஓடுகிறது, வரவேற்பில் உள்ள கணினிக்கும் அதற்கும் கம்பி கிடையாது. அறை எண்ணும் காலி செய்யும் நேரமும் அட்டையில்தான் எழுதப்படுகின்றன. ஒருவர் ஒரு நாள் முன்னதாகவே கிளம்பி, அட்டையைக் கொடுக்காமல் போய்விட்டால், கணினியில் நான் எத்தனை முறை ரத்து செய்தாலும் கதவுக்குத் தெரியாது. அடுத்த விருந்தினர் புது அட்டையைக் காட்டும்போதுதான் பூட்டு பழையதை மறக்கும். இடையில் சந்தேகம் வந்தால் நானே முற்றத்தைத் தாண்டி நடந்துபோய், அந்தக் கதவில் ஒரு தனி அட்டையைக் காட்டிவிட்டு வர வேண்டும்.

இதை விற்றவர் "ஒரு பொத்தானில் ரத்து" என்றுதான் சொன்னார். பொத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை.


ஆத்தங்குடிக்காரி, செவ்வாய் மதியம் 1.20

சென்னையில் மேகக் கணினிப் பக்கம் வேலை. பெரிய நிறுவனங்களின் அமைப்புகளிலும் இதே அட்டைப் பூட்டுக் கதைதான்.

அமேசானின் மேகச் சேவையான ஏ.டபிள்யூ.எஸ்-இல் ஒரு ரோலை ஏற்றுக்கொண்டவருக்குக் கிடைப்பது தற்காலிகச் சான்று. வழக்கமாக 1 மணி நேரம், 12 மணி நேரம் வரை நீட்டலாம். அதை இடையில் திரும்ப வாங்க முடியாது. அதனால் அங்கே ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். 'நடப்புச் செஷன்களை ரத்து செய்' என்ற பொத்தானை அழுத்தினால், அந்த ரோலோடு ஒரு கொள்கை ஒட்டிக்கொள்ளும்: இந்த நிமிடத்துக்கு முன்பு வழங்கப்பட்ட சான்றோடு யார் வந்தாலும் மறு. தாள் கையிலேயே இருக்கும், தேதியைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்க விளைவு என்னவென்றால், அந்த ரோலை ஏற்றிருந்த நல்லவர்களும் வெளியே தள்ளப்படுவார்கள், மறுபடி வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் இதை அழுத்திவிட்டு வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான என்ட்ரா, அணுகல் டோக்கனுக்கு வழக்கமாக 60 முதல் 90 நிமிடத்துக்குள் ஓர் ஆயுளைத் தருகிறது. ஆளை முடக்கினால் உடனே தெரிந்துகொள்ளும் ஏற்பாடு தனியாக உண்டு, அதையும் புரிந்துகொள்ளும் மென்பொருளாக இருந்தால்தான் பயன்.

கீக்ளோக்கிலும் 'இந்த நேரத்துக்கு முன்பு வழங்கியதை ஏற்காதே' என்று ஓர் அமைப்பு இருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியைக் கேட்க மென்பொருள் பக்கம் ஆள் வேண்டும். கோட்டையூராரின் மென்பொருள் டோக்கனைப் புதுப்பிக்கவே கற்றுக்கொள்ளவில்லை, இதை எங்கே கற்றிருக்கப் போகிறது?


புதுவயல், செவ்வாய் மாலை 6.40

அரிசி ஆலைகளுக்குக் கணக்கு மென்பொருளும் தரவுத்தளமும் பார்க்கிறவன். நீங்கள் எல்லாரும் முன்வாசலையே பார்க்கிறீர்கள். அந்தக் கல்லூரியில் கணக்குப் பிரிவுக்காரர்கள் எக்செல் அறிக்கை எடுக்கத் தரவுத்தளத்துக்கு நேராக ஓர் இணைப்பு வைத்திருப்பார்கள், என் அனுபவத்தில் எல்லா அலுவலகத்திலும் ஒன்று இருக்கும். கீக்ளோக்கில் என்ன நீக்கினாலும் அது அசையாது. அங்கே தனியாகப் பறிக்க வேண்டும்.

அந்தத் தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால் இன்னொரு சிக்கல். 16-ஆம் பதிப்பிலிருந்து, ஒரே ரோலை ஒரே ஆளுக்கு இரண்டு பேர் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் இரண்டு பதிவாக நிற்கும். ஒருவர் கொடுத்ததைப் பறித்தால் மற்றவர் கொடுத்தது அப்படியே இருக்கும். எல்லாருக்கும் பொது என்று கொடுத்து வைத்த உரிமையையும் ஓர் ஆளிடமிருந்து மட்டும் பறிக்க முடியாது.

ஆரக்கிள் தரவுத்தளத்தில், உள்ளே இருப்பவரிடமிருந்து ரோலைப் பறித்தாலும் அந்த செஷனில் ஏற்கெனவே இயங்கும் ரோல் தொடரும். அடுத்த முறை உள்ளே வரும்போதுதான் போகும்.


நெற்குப்பை மாணவன், செவ்வாய் இரவு 8.05

இப்போதுதான் என் மடிக்கணினியில் சோதித்தேன். லினக்சில் ஒரு பயனரை ஒரு குழுவில் சேர்த்து, அவராக லாகின் செய்து ஒரு திரையைத் திறந்து வைத்தேன். நிர்வாகியாக இருந்து அவரைக் குழுவிலிருந்து நீக்கினேன். குழுப் பட்டியலில் பெயர் இல்லை. ஆனால் திறந்திருந்த திரையில் குழுவின் கோப்பைத் திறந்தால் திறக்கிறது! வெளியேறி மறுபடி வந்த பிறகுதான் மறுத்தது. மூன்று வருடமாக லினக்ஸ் பயன்படுத்துகிறேன், இது தெரியாது. நேற்றுக் கேட்ட கேள்விக்கு மன்னிக்கவும் ஐயா.


பள்ளத்தூர் ஐயா, புதன் காலை 5.40

கேட்டது நல்லதுதான் தம்பி. சோதித்துப் பார்த்தீர்களே, அது போதும்.


கோட்டையூரான், புதன் மாலை 5.15

மென்பொருள்காரர்களிடம் பேசிவிட்டேன். ரஸ்தா அண்ணன் ஊகித்தது எழுத்துக்கு எழுத்து சரி. புதுப்பிக்கும் நிரல் இல்லை. கையொப்பத்தை மட்டுமே பார்க்கிறது. ஆயுளை 5 நிமிடமாகக் குறைத்தால் ஊழியர்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடவுச்சொல் அடிக்க வேண்டியிருக்கும், என்னை உயிரோடு விடமாட்டார்கள்.

குழுவிலிருந்து அந்த அம்மாவை எடுக்கப் பார்த்தேன், கீக்ளோக் மறுத்துவிட்டது. குழு எல்டாப் சர்வரிலிருந்து (ஊழியர் பெயர்களும் குழுக்களும் இருக்கும் பொதுப் பட்டியல்) வருகிறது, இணைப்பு வாசிக்க மட்டும் என்ற முறையில் இருக்கிறது. கடைசியில் எல்டாப்பிலேயே போய் எடுத்தேன். கூட்டு ரோலையும் எடுத்தாயிற்று. மறுபடி லாகின் செய்யச் சொன்னேன், பொத்தான் போய்விட்டது. மாலைக் கதை முடிந்தது. காலைக் கதைதான் பாக்கி.

எக்செல் இணைப்பும் இருந்தது, புதுவயல் அண்ணே. ஒன்றில்லை, இரண்டு.


தேவகோட்டை ரஸ்தா, புதன் மாலை 6.02

ஒவ்வொரு கோரிக்கைக்கும் கீக்ளோக்கைக் கேட்கும்படி மாற்றச் சொல்லுங்கள். நாலு வரி வேலை.


புதுவயல், புதன் மாலை 6.20

நாலு வரிதான், ஆனால் அந்தக் கல்லூரியின் கீக்ளோக் எந்தப் பழைய பெட்டியில் ஓடுகிறது என்று கேட்டீர்களா? கட்டணம் கட்டக் கடைசி நாளில் எத்தனை மாணவர்கள் ஒரே நேரத்தில் பக்கத்தைத் திறப்பார்கள்? ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு கேள்வி என்றால் கீக்ளோக் படுத்துவிடும். அது படுத்தால் கட்டணம் மட்டுமில்லை, நூலகம், வருகைப் பதிவு எல்லாம் சேர்ந்து படுக்கும். காய்ச்சலுக்குக் காலை வெட்டுகிற வைத்தியம்.


தேவகோட்டை ரஸ்தா, புதன் மாலை 6.31

பதிலைச் சில நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம்.


புதுவயல், புதன் மாலை 6.35

வைத்துக்கொண்டால் அதுவும் ஒரு சின்ன டோக்கன்தானே. அந்தச் சில நொடிக்கு நீக்கியது தெரியாது. எவ்வளவு நேரம் தெரியாமல் இருந்தால் பரவாயில்லை என்று முதலில் சொல்லுங்கள், பிறகு வைத்தியம் பார்க்கலாம்.


ஆத்தங்குடிக்காரி, புதன் இரவு 7.10

இருவரும் சொல்வது பாதி பாதி சரி. கோட்டையூராரே, உங்கள் மென்பொருளில் பணம் வெளியே போகிற பொத்தான்கள் எத்தனை? திருப்பி வழங்கல், சலுகை, ரத்து என்று மூன்றோ நான்கோதான் இருக்கும். அவற்றை ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துவார்கள்? அவற்றுக்கு மட்டும் கீக்ளோக்கைக் கேட்கச் சொல்லுங்கள், நினைவில் வைக்காமல். மற்ற பக்கங்கள் டோக்கனை நம்பி ஓடட்டும். மாணவன் தன் ரசீதைப் பார்ப்பதற்கெல்லாம் எதற்குக் கேள்வி?

டோக்கனைப் புதுப்பிக்கும் நிரலை எழுத அவர்கள் எத்தனை நாள் கேட்டாலும் கொடுத்து வாங்கிவிடுங்கள். அது வரும் வரை ஆயுளை 60 நிமிடமாக வைக்கலாம். ஊழியர்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் கத்தமாட்டார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ரோலை ஏன் அந்த அம்மாவின் பெயருக்கே நேரடியாகவும் கொடுத்திருந்தீர்கள்? 1992-இல் ஃபெராயோலோவும் குன்னும் ரோல் வழி அணுகலைப் பற்றி எழுதியபோது சொன்னதே, உரிமையை நாற்காலிக்குக் கொடு, உட்காருகிறவர் மாறட்டும் என்ற எண்ணத்தில்தான். நாற்காலிக்கும் கொடுத்து, ஆளுக்கும் கொடுத்து, விடுப்புக்கு வந்தவருக்கும் கொடுத்தால் பிறகு எதை நீக்குவது?


கோட்டையூரான், புதன் இரவு 9.50

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஒருமுறை குழு சரியாக ஒத்திசையவில்லை, கவுன்ட்டரில் வரிசை நின்றது, அவசரத்துக்கு ஆளின் பெயருக்கே கொடுத்தேன். ஒத்திசைவு மறுநாளே சரியாகிவிட்டது. கொடுத்தது நின்றுவிட்டது.


கோட்டையூரான், அடுத்த செவ்வாய், இரவு 8.20

ஒரு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பணம் வெளியே போகிற மூன்று பொத்தான்களுக்கும் கேட்டு உறுதி செய்யும் நிரலை மென்பொருள்காரர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆயுள் இப்போது 60 நிமிடம், புதுப்பிக்கும் வேலைக்கு இன்னும் மூன்று வாரம் கேட்டிருக்கிறார்கள். இன்று சோதித்தேன். ஒரு சோதனைப் பயனரை உள்ளே விட்டு, திருப்பி வழங்கும் திரையைத் திறந்து வைத்தேன். 11.12-க்கு ரோலை நீக்கி, செஷன்களை வெளியேற்றினேன். 11.13-க்குத் திறந்திருந்த அதே திரையில் பொத்தானை அழுத்தினேன். சிவப்பில் 'உங்களுக்கு அனுமதி இல்லை'. செஷனை வெளியேற்றாமல் ரோலை மட்டும் நீக்கியும் பார்த்தேன், ரஸ்தா அண்ணன் சொன்னது போலவே பொத்தான் வேலை செய்தது. அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்யும்படி ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருக்கிறேன், கையால் செய்தால் ஒரு நாள் மறந்துவிடுவேன்.

ஐயா கேட்ட மூன்று நாள் கணக்குக்கும் வழி பிறந்திருக்கிறது. இடமாற்ற உத்தரவின் நகல் இனி எனக்கும் அதே நேரத்தில் வரும். உத்தரவில் 'பழைய பிரிவின் அணுகல் முடியும் நேரம்' என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார்கள். அந்த வரியைக் கேட்டு வாங்க நிரலுக்கு ஆன நேரத்தைவிட அதிகம் ஆனது. அலுவலகத்தில், "நேரம் எதற்கு, தேதி போதாதா?" என்றார்கள். 10.05, 10.40 என்ற அந்த இரண்டு தாளையும் மறுபடி காட்ட வேண்டியிருந்தது.

கடைசியாக, கணக்குப் பிரிவுக் குழுவின் பட்டியலை அச்செடுத்து உட்கார்ந்தேன். பிரிவில் வேலை பார்ப்பவர்கள் 9 பேர். குழுவில் 23 பெயர்கள். ஒருவர் 2021-இல் ஓய்வு பெற்றுவிட்டார். இருவர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பயிற்சிக்கு வந்த மாணவிகள் நான்கு பேர், அவர்களுக்கும் திருப்பி வழங்கும் ரோல்! பதினொன்றாவது வரியில் என் பெயரே இருந்தது. மென்பொருள் வந்த புதிதில் சோதிப்பதற்காகப் போட்டுக்கொண்டது. பதினான்கு பேரையும் நீக்கிவிட்டேன்.


தேவகோட்டை ரஸ்தா, அடுத்த செவ்வாய், இரவு 8.41

அருமை. புதுவயலுக்கும் ஆத்தங்குடியாருக்கும் சேர்த்து நன்றி சொல்லுங்கள், நான் சொன்னபடி எல்லாவற்றுக்கும் கேட்க வைத்திருந்தால் கடைசி நாளில் நீங்கள் வேறொரு இழை தொடங்கியிருப்பீர்கள்.


பள்ளத்தூர் ஐயா, அடுத்த புதன், காலை 5.45

தம்பி, ஒரு சின்ன சந்தேகம். உங்கள் பெயரை அந்தக் குழுவிலிருந்து நீக்கியது யார்?


கோட்டையூரான், அடுத்த புதன், காலை 9.05

நான்தான் ஐயா. பதிவில் நீக்கியவர், நீக்கப்பட்டவர் என்று இரண்டு இடத்திலும் என் பெயரே இருக்கிறது. சேர்த்த நாளின் பதிவைத் தேடினேன், அதிலும் அப்படித்தான். பதினான்கு பெயரையும் அச்செடுத்துக்கொண்டு கண்காணிப்பாளர் அம்மாவிடம் கையெழுத்து வாங்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.